நூலகப் புத்தகங்களை மட்டும் கடிக்கும் பூனை: என்ன செய்யலாம்?

கேள்வி | எழுதியவர்: மாடிப்படி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் புறநகர்ப் பகுதியில் ஒரு சிறிய வீட்டில் வசிக்கிறோம். எங்களுடன் மிளகு என்னும் பெண் பூனையும் வளர்கிறது. வயது நான்கு, கருத்தடை செய்யப்பட்டது. விடுமுறை நாளில் கிளை நூலகத்திற்குப் போய் ஆளுக்கு இரண்டு மூன்று புத்தகங்கள் எடுத்து வருவது திருமணமான புதிதிலிருந்தே எங்களுக்கு வழக்கம். அவர் வரலாறும் பயணமும் எடுப்பார், நான் நாவல்கள் எடுப்பேன். அவர் எடுத்ததை நான் முதலில் படித்து முடித்துவிட்டுக் கதையைச் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

பையிலிருந்து புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்த உடனே, எந்த மூலையில் உறங்கிக்கொண்டிருந்தாலும் மிளகு வந்துவிடுகிறது. ஒவ்வொன்றின் முதுகையும் மோந்து பார்க்கிறது. சிலவற்றை மோந்த பிறகு வாயைப் பாதி திறந்து, ஏதோ அருவருப்பானதைக் கண்டதுபோல் முகத்தைச் சுளித்தபடி சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. அடுத்ததாக அட்டையின் முனையில் கன்னத்தை வைத்துத் தேய்க்கிறது. பின் அதன்மேலேயே படுத்துவிடுகிறது. இதுவரை எங்களுக்கு வேடிக்கைதான். ஆனால் இரவில் நாங்கள் உறங்கிய பின் அட்டையின் முனைகளைக் கடிக்கவும் தொடங்கியிருக்கிறது. எங்கள் சொந்தப் புத்தகங்கள் திறந்த அலமாரியில், அதன் உயரத்திலேயே இருக்கின்றன. அவற்றை அது ஒருநாளும் தொட்டதில்லை.

இம்முறை பெரிய அளவிலான படப் புத்தகம் ஒன்றின் கீழ்முனையில் பல் பதிந்து, மேலுறையாக இருந்த பிளாஸ்டிக் தாள் உரிந்து, உள்ளே சில பக்கங்களின் ஓரமும் கிழிந்துவிட்டது. செலோடேப் ஒட்டித் திருப்பும் பெட்டியில் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். மேசையில் நேராகக் கொடுத்து நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்கிறேன் நான். சொன்னால் உறுப்பினர் அட்டையையே முடக்கிவிடுவார்களோ என்று அவர் அஞ்சுகிறார். இனி எதையும் வீட்டிற்குக் கொண்டுவராமல் அங்கேயே அமர்ந்து படித்துவிட்டு வரலாம் என்பது அவருடைய மாற்று யோசனை. எனக்கு அது ஒத்துவராது. நான் படிப்பதே இரவு உணவு முடிந்து வீடு அடங்கிய பிறகுதான்.

மிளகு நூலகப் புத்தகங்களை மட்டும் குறிவைப்பது ஏன், கிழிந்ததை என்ன செய்வது, பூனையை வருத்தாமல் இதை எப்படி நிறுத்துவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 | எழுதியவர்: சாளரம்

உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த முகச் சுளிப்பிலேயே இருக்கிறது. அது அருவருப்பு அன்று. பூனையின் மேலண்ணத்தில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், ஜேக்கப்சன் உறுப்பு எனப்படும் இரண்டாவது மோப்ப உறுப்புக்குச் செல்லும் நுண்ணிய துளைகள் உள்ளன. மூக்கால் மட்டும் அறிய முடியாத வாசனையை, குறிப்பாக வேறு விலங்குகள் விட்டுச்சென்ற தடயங்களை, வாயைத் திறந்து அந்த உறுப்பிற்கு அனுப்பும்போதுதான் பூனையின் முகம் அப்படிச் சுளிகிறது. உங்கள் அலமாரியில் உள்ள புத்தகங்களில் உங்கள் வீட்டு வாசனை மட்டுமே இருக்கும். நூலகப் புத்தகமோ பல வீடுகளில் தங்கி, பல கைகளில் புரண்டு வந்தது. அவற்றுள் சில வீடுகளில் நாயோ பூனையோ இருந்திருக்கலாம். முன்பின் அறியாதவர்கள் கூட்டமாக வீட்டுக்குள் நுழைந்ததாகவே மிளகு அதை எடுத்துக்கொள்ளும். கன்னத்திலும் வாயோரத்திலும் உள்ள வாசனைச் சுரப்பிகளைத் தேய்த்து, இதுவும் இனி நம் வீட்டுப் பொருளே என்று தன் முத்திரையை இடுகிறது.

கடிப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும் என்று ஐயுறுகிறேன். நூலகப் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் மேலுறை உண்டு. பல் பட்டால் சரசரக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடிப்பதில் சில பூனைகளுக்குத் தீராத ஆசை. வாசனையா உறையா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், உங்கள் சொந்தப் புத்தகம் ஒன்றுக்கு அதே போன்ற உறை போட்டு, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் மேசையில் வைத்துப் பாருங்கள்.

புத்தகத்தைவிடப் பூனையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உரிந்த பிளாஸ்டிக் கீற்று, பக்கம் அடையாளம் வைக்கும் நாடா, தையல் பிரிந்த நூல் ஆகியவற்றைப் பூனை விழுங்கினால் அவை குடலில் சிக்கி, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடக்கூடும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்கு எளிதன்று. உரிந்த கீற்று முழுதாகக் கிடைத்ததா என்று தேடிப் பாருங்கள். வாந்தி, உணவு மறுத்தல், சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புத்தகம் மட்டுமின்றித் துணி, காகிதம் என எதையும் மென்று தின்னும் பழக்கம் உருவாகியிருந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அட்டையில் எலுமிச்சைத் தைலம், யூகலிப்டஸ் தைலம் போன்றவற்றைத் தடவுமாறு யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவற்றிலுள்ள பல வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் அதற்கு நஞ்சே. அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாக இருப்பது பூனையின் இயல்பு. ஆகவே நீங்கள் உறங்கப்போகும் முன் அதை நன்றாக ஓடி விளையாட வைத்து, அதன்பின் உணவு கொடுத்தால் இரவுக் குறும்பு ஓரளவு குறையும்.

பதில் 2 | எழுதியவர்: இரவல் மேசை

பொது நூலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுபவன் என்ற முறையில் உங்கள் கணவருக்கு என் பணிவான வேண்டுகோள்: செலோடேப் ஒட்டாதீர்கள். கிழிசலால் வரும் சேதத்தைவிட அதை ஒட்டிய நாடாவால் வரும் சேதமே எங்களுக்குப் பெரிய தலைவலி. அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகிக் காகிதத்தின் இழைகளுக்குள் இறங்கிவிடும். மேலே உள்ள நாடா காய்ந்து உதிர்ந்த பிறகும் கறை போகாது, பக்கத்துப் பக்கங்களிலும் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் மாவுப் பசையையும் பயன்படுத்துவார்கள். அதை வீட்டில் முயல வேண்டாம். பிய்ந்து விழுந்த துண்டுகள் எவ்வளவு சிறியவையாக இருந்தாலும் ஓர் உறையில் இட்டுப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

சொல்லலாமா கூடாதா என்பதில் உங்கள் பக்கமே நிற்கிறேன். சேதத்திற்கான விதிமுறை நூலகத்திற்கு நூலகம் மாறும். சில இடங்களில் தொகை கேட்பார்கள், சில இடங்களில் அதே புத்தகத்தின் புதிய படியை ஏற்றுக்கொள்வார்கள், சிறு சேதமென்றால் குறித்துக்கொண்டு விட்டுவிடுவதும் உண்டு. சொல்லாமல் பெட்டியில் போட்டால் அந்தப் புத்தகம் அப்படியே அடுக்குக்குப் போய், அடுத்ததாக எடுத்தவர் மீது பழி விழ இடமுண்டு. அவரும் உங்களைப் போன்ற ஒரு வாசகர்தான். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது. பயன்படும் புத்தகம் தேயும், கிழியும் என்பதை அறியாதவர்கள் அல்லர் எங்கள் துறையினர். எங்களை எரிச்சலூட்டுவது மறைப்புதான்.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்றும் உண்டு. பூனை ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் முடி அன்று. ஃபெல் டி 1 எனப்படும் ஒரு புரதம். பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் இது, காய்ந்ததும் மிக நுண்ணிய துகள்களில் தொற்றிக்கொண்டு துணி, மெத்தை, காகிதம் என எங்கும் படிந்து நெடுநாள் தங்கும். மிளகு நக்கிப் படுத்து எழுந்த புத்தகம், ஒவ்வாமை உள்ள ஒருவரின் கையில் அடுத்த வாரமே இருக்கலாம். ஆகவே, கடிப்பதை நிறுத்தினால் போதும், படுத்துக்கொண்டால் பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பூனை கடித்த இடம் ஈரமாக இருந்தால் உடனே மூடி வைக்காதீர்கள். ஈரம் இரண்டு நாள்களுக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பக்கங்களுக்கு இடையே மை இல்லாத உறிஞ்சுதாளை வைத்து, மின்விசிறிக் காற்றில், வெயில் படாமல் உலர்த்துங்கள். நீங்கள் குறிப்பிட்டது படப் புத்தகம் என்பதால் அதன் தாள் வழவழப்பானதாக இருக்கக்கூடும். அத்தகைய தாள்கள் ஈரத்தோடு ஒன்றையொன்று தொட்டபடி காய்ந்தால் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக்கொள்ளும்.

இது இன்றைய சிக்கல் மட்டுமன்று. ஏறத்தாழ 1420இல், இன்றைய நெதர்லாந்தில் உள்ள டெவென்டர் நகரில், கையால் பிரதியெடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் ஏட்டில் ஓர் இரவு பூனை சிறுநீர் கழித்துவிட்டது. அவர் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு, பூனையின் படம் ஒன்றை வரைந்து, அதைச் சபித்து, பூனைகள் வரக்கூடிய இடத்தில் இரவில் புத்தகத்தைத் திறந்து வைக்காதீர்கள் என்று இலத்தீனில் எழுதியும் வைத்தார். சாபத்தைத் தவிர்த்து, அந்த அறிவுரையை நான் அப்படியே வழிமொழிகிறேன்.

பதில் 3 | எழுதியவர்: இரண்டாம் நாற்காலி

சாளரம் அவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பூனையை ஆராய்வதற்கு முன் வீட்டின் ஒழுங்கைச் சற்றுப் பார்க்கலாம். இரவில் புத்தகம் எங்கே கிடக்கிறது? எங்கள் வீட்டிலும் பூனை உண்டு, நூலக அட்டைகளும் உண்டு. நான் படித்த பக்கத்தை விரித்துக் கட்டிலில் கவிழ்த்து வைப்பவன், என் மனைவி அதைப் பார்த்ததும் பொறுமை இழப்பவர். கவிழ்த்து வைத்தால் பூனை வராவிட்டாலும் புத்தகத்தின் முதுகு உடையும் என்பது அவருடைய வாதம். அது சரியான வாதம் என்பதால் நானும் நெடுநாள் எதிர்க்கவில்லை. இப்போது நூலகப் புத்தகங்களுக்கென்றே கதவுள்ள ஓர் அடுக்கு ஒதுக்கியிருக்கிறோம். விளக்கை அணைப்பவர் யாரோ அவரே இரண்டு பேருடைய புத்தகங்களையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்த வேண்டும் என்பது ஏற்பாடு. யார் எடுத்த புத்தகம், யார் கவனிக்கவில்லை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லாமல் போயிற்று.

படிக்கும்போது மடியில் ஏறிப் பக்கத்தின்மேல் படுப்பது வேறு கதை. அங்கே அதற்கு வேண்டியது புத்தகம் அன்று, உங்கள் கவனமும் மடியின் சூடும்தான். பக்கத்தில் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிய தட்டையான அட்டைப்பெட்டியை, பழைய துணி ஒன்றை விரித்து வையுங்கள். புத்தகத்தின்மேல் ஏறும் ஒவ்வொரு முறையும் திட்டாமல் தூக்கி அதில் விட்டு, அங்கே இருக்கும்போது மட்டும் தடவிக்கொடுங்கள். கத்தினால் அதுவும் ஒரு கவனிப்புதான் என்று பூனை எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கணவர் சொல்வதையும் முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். அளவில் பெரிய, விலை கூடிய படப் புத்தகங்களை அங்கேயே பார்த்துவிட்டு, நாவல்களை மட்டும் வீட்டிற்கு எடுத்துவரலாமே.

மறுமொழி | எழுதியவர்: மாடிப்படி

மூவருக்கும் நன்றி. படப் புத்தகத்தையும் பிய்ந்த துண்டுகள் இருந்த உறையையும் மேசையில் நேரில் கொடுத்தோம். பேசியது என் கணவரே. குறித்துக்கொண்டு, பழுதுபார்க்கும் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். தொகை உண்டா என்பதைப் பிறகு தெரிவிப்பார்களாம். உரிந்த பிளாஸ்டிக் கீற்று சோபாவிற்கு அடியில் முழுதாகக் கிடைத்துவிட்டது. உறை போட்ட சொந்தப் புத்தகத்தை மிளகு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போனது. அதனருகே புதிதாக எடுத்துவந்த நூலகப் புத்தகத்தை வைத்த உடனே கன்னத்தைத் தேய்க்க வந்துவிட்டது. எனவே வாசனைதான் காரணம் என்று தோன்றுகிறது. கொண்டுவந்த உடனே அட்டைகளைக் கிருமிநாசினித் துணியால் துடைத்துவிடலாமா?

பதில் 4 | எழுதியவர்: இரவல் மேசை

கிருமிநாசினி வேண்டாம். ஆல்கஹால் கலந்த திரவம் அட்டையின் அச்சையும் பிளாஸ்டிக் உறையின் பளபளப்பையும் கெடுத்துவிடும். துடைத்த இடத்தைப் பூனை நக்கினால் அதற்கும் நல்லதன்று. பிளாஸ்டிக் உறை உள்ள அட்டையை மட்டும், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். துணியால் ஆன அட்டையையோ தாளையோ ஈரம் தொடவே கூடாது. வாசனை முழுதாகப் போகாது என்பதால், முந்தைய பதிலில் சொன்ன கதவுள்ள அடுக்கையும் விட்டுவிட வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் முன்னும் அதேபோல் ஒருமுறை துடைத்துவிட்டால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உதவியாக இருக்கும். புத்தகம் கொண்டுவரும் துணிப்பையை மறந்துவிடாதீர்கள். மிளகு அதற்குள்தான் உறங்குகிறதென்றால் நூலகத்திற்கென்று வேறொரு பை வைத்துக்கொள்ளுங்கள்.