தொலைநிலைக் கல்வி பி.காம். பட்டம் செல்லுமா? திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு, அவசரம்

கிண்டிவாசி:
அனைவருக்கும் வணக்கம். வரும் திங்கட்கிழமை எனக்குத் தேர்வாணையத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு இருக்கிறது. என் பி.காம். தொலைநிலைக் கல்வியில் பெற்றது. அதற்கு அங்கீகாரம் உண்டா என்று எங்கே பார்ப்பது? பல்கலைக்கழகம் நாக் (உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் தேசிய அமைப்பு) ‘ஏ’ தரம் பெற்றது என்று சொல்லித்தான் படிப்பு மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். என்னுடன் தேர்வான ஒருவர் நேற்று "இது செல்லாது" என்று சொன்னதிலிருந்து எனக்கு உறக்கமில்லை.

மாம்பலத்தாள்:
எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், பிளஸ் டூ முடித்தீர்களா? இந்த மூன்றையும் சொல்லாமல் கேட்டால் எங்களால் ஜோசியம்தான் சொல்ல முடியும், தம்பி.

பெரம்பூரான்:
நாக் தரம் இருக்கிறதல்லவா? பிறகு ஏன் கவலை? ‘ஏ’ தரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டத்தை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

பழையகோப்பு:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விடை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பொறுமைதான் இக்காலப் பிள்ளைகளுக்கு இல்லை. பெரம்பூரான் அவர்களே, நாக் தரம் என்பது நிறுவனத்துக்கு இடும் மதிப்பெண்; தொலைநிலையில் ஒரு பாடத்தை நடத்துவதற்கான அனுமதி வேறு. அந்த அனுமதியை 2013 வரை இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த தொலைநிலைக் கல்வி மன்றமும், அதன் பின் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவும் கொடுத்து வருகின்றன. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்தக் கல்வியாண்டு, அதிலும் ஜூலைப் பருவமா ஜனவரிப் பருவமா என்பது வரை அந்தப் பிரிவின் அனுமதிப் பட்டியலில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்து உங்கள் பாடம் இல்லாமல் போகலாம்; பாடம் இருந்து நீங்கள் சேர்ந்த ஆண்டு இல்லாமலும் போகலாம்.

மாம்பலத்தாள்:
பிளஸ் டூவைக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. 2009 ஆகஸ்ட் 18 நாளிட்ட 107ஆம் எண் அரசாணையைப் பாருங்கள்.

ஆவடியார்:
எத்தனை அரசாணை காட்டினாலும், கல்லூரிக்குப் போய்ப் படித்தவனும் வீட்டிலிருந்து எழுதியவனும் ஒன்றா? எங்கள் அலுவலகத்தில் ரெகுலர் பட்டத்துக்குத்தான் மதிப்பு.

பழையகோப்பு:
உங்கள் அலுவலகத்தின் மதிப்பு எங்களுக்கு எதற்கு, ஐயா? அனுமதி பெற்று நடத்தப்படும் தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது.

ஆவடியார்:
அப்படியானால் தொலைநிலையில் பி.இ. படித்த என் மைத்துனன் ஏன் அலைந்தான்? 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்தி வைத்து, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் செல்லும் என்று சொன்னதே.

மாம்பலத்தாள்:
அது முறையான ஒப்புதல் இல்லாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நடத்திய பொறியியல் படிப்பு. இவர் படித்தது பி.காம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள், பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோய் இருக்கிறது.

கிண்டிவாசி:
தாமதத்துக்கு மன்னிக்கவும், அலுவலகத்தில் இருந்தேன். பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பெயரை இங்கே எழுதத் தயக்கமாக இருக்கிறது. வேறு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம். மையம் தாம்பரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. 2019 ஜூலையில் சேர்ந்தேன். 2021 மே மாதத் தேர்வோடு பட்டம் வந்துவிட்டது. இப்போது பட்டியலைப் பார்த்தேன், 2019-20இல் பி.காம். இருக்கிறது! நிம்மதி.

பெரம்பூரான்:
நான்தான் அப்போதே சொன்னேனே.

பழையகோப்பு:
தம்பி, நிம்மதியைச் சற்று ஒத்திவையுங்கள். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையம் நடத்தக் கூடாது. மையத்தைத் தனியாருக்கு உரிமம் கொடுத்து நடத்தவும் கூடாது. அதுவே ஒரு சிக்கல். அதைவிடப் பெரியது: மூன்றாண்டுப் படிப்பை 2019 ஜூலையில் தொடங்கி 2021 மே மாதத்தில் எப்படி முடித்தீர்கள்? மதிப்பெண் பட்டியலில் சேர்க்கை ஆண்டு என்னவென்று அச்சாகியிருக்கிறது?

கிண்டிவாசி:
2018 என்று இருக்கிறது. முந்தைய பருவத்தில் இடம் இருப்பதாகவும் ஓர் ஆண்டு மிச்சமாகும் என்றும் மையத்தில் சொன்னார்கள். அப்போது அதை நல்ல விஷயம் என்றே நினைத்தேன்.

மாம்பலத்தாள்:
அப்படியானால் பட்டியலில் 2018-19ஐயும் பாருங்கள். கட்டணம் கட்டிய ரசீது யார் பெயரில் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயரிலா? மையத்தில் இனி எதையும் கேட்காதீர்கள். பதிவாளர் அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு உண்மைத்தன்மைச் சான்று கேளுங்கள். சேர்ந்த நாளை மறைத்து எழுதாதீர்கள்.

கிண்டிவாசி:
ரசீது ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. 2018-19 பட்டியலில் பி.காம். இல்லை. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நன்றி.