பொருள்: எண்டியன் – பெருமுனையா, தலைமுந்தியா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பைட்டில் அடங்காத எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வந்தால் பிக் எண்டியன், சிறிய மதிப்புள்ளது முதலில் வந்தால் லிட்டில் எண்டியன். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடுகையில் வந்த யோசனை இது:

> பிக் எண்டியனுக்குப் 'பெருமுனை', லிட்டில் எண்டியனுக்குச் 'சிறுமுனை' என்று வைத்துவிடலாமே?

எனக்கு ஒட்டவில்லை. 1980-இல் டேனி கோஹன் இந்தப் பெயரை ஸ்விஃப்டின் கலிவர் கதையிலிருந்து எடுத்தார். முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று லில்லிபுட்காரர்கள் அடித்துக்கொள்வார்களே, அதுதான். அந்தக் கிண்டல் தெரியாதவருக்குப் 'பெருமுனை' ஒன்றுமே சொல்லாது. கணினியின் டெர்மினலுக்கு 'முனையம்' வேறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு நெட்வொர்க் கார்டின் டிரைவர், அதாவது அந்தக் கார்டை இயக்கும் நிரல். இன்டெல் கணினியில் ஒழுங்காக ஓடியதை, பிக் எண்டியனாக ஓடும் பவர்பிசி செயலி கொண்ட பலகையில் ஏற்றினோம். பொட்டலம் (நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டு) வரத் தொடங்கிய சில நொடியில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழும். அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில்; டிரைவர் பக்கம் கைகாட்டவே காட்டாது. ஒரு வாரம் நினைவகத்தையே திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பொட்டலத்தின் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தால் 16384! கார்டு சொன்னது 64. பதினாறடிமானத்தில் (ஹெக்ஸாடெசிமல்) அது 0040. கார்டு சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைத்து 40, 00 என்று எழுதியது. பவர்பிசி முதலில் வந்ததைப் பெரியதாக எடுத்துக்கொண்டு 4000 என்று படித்தது. பொட்டலத்துக்கு ஒதுக்கிய 2048 பைட் இடத்தில் 16384 பைட்டைக் கொட்டினால் பக்கத்து வீடு என்னாகும்?

ஆக, எது முந்தி வருகிறது என்பதைச் சொல்லே சொல்லிவிட வேண்டும். என் பரிந்துரை: தலைமுந்தி, கடைமுந்தி.

——

> தலைமுந்தி, கடைமுந்தி

'முந்தி' பிடித்திருக்கிறது, 'தலை' வேண்டாம். பொட்டலத்தின் முன்னால் வரும் ஹெட்டரை நாம் 'தலைப்பகுதி' என்றுதானே எழுதுகிறோம்? தலைமுந்தி என்றால் டிரைவர் எழுதுபவருக்கு அதுதான் நினைவுக்கு வரும். பெரிய மதிப்புள்ளதை உயர் பிட், சிறிய மதிப்புள்ளதைத் தாழ் பிட் என்பது புழக்கத்தில் இருக்கிறது. அதே வழியில் உயர்முந்தி, தாழ்முந்தி என்றால் என்ன? விளக்குவதும் எளிது: 'நூற்று நாற்பத்தேழு' உயர்முந்தி, 15-8-1947 தாழ்முந்தி. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் போடுவது இரண்டிலும் சேராது, பழைய பிடிபி-11 கணினி முப்பத்திரண்டு பிட் எண்ணைக் குழப்பி வைத்த மாதிரி.

(வீட்டில் சொல்லிப் பார்த்தேன். முந்தி என்றதும் சேலையா என்றார்கள். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.)

——

சேலை இருந்துவிட்டுப் போகட்டும். பின்கொசுவத்துக்கும் ஒரு நாள் வேலை வரும். ஹெட்டரோடு குழம்பும் என்பது எனக்கு முன்பே தோன்றாமல் போயிற்று, நீங்கள் சொல்வதே சரி. எண்டியன்னெஸ் என்ற பொதுப்பெயருக்கு 'பைட் வரிசை' போதும், அதற்கும் புதிதாக ஒன்று செதுக்க வேண்டாம். டிரைவரின் பிழைச்செய்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "நீளம் 16384 பொருந்தவில்லை. தாழ்முந்தி எண்ணை உயர்முந்தியாகப் படித்தீர்களா?"