எஸ்பெராண்டோ தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ முடியுமா?

வணக்கம். 1887-இல் ஸாமென்ஹோஃப் உருவாக்கி வெளியிட்ட செயற்கை மொழியான எஸ்பெராண்டோவை, காட்பாடியில் நானும் என் மகளும் விளையாட்டாகப் படிக்கிறோம். நேற்று அவள் கொடுத்த வாக்கியம்: "பாட்டி நமக்கு முள்ளுக் கத்திரிக்காய்களை வாங்கி வந்தார்." (இலவம்பாடிக் காய்தான், வேலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.)

நான் எழுதியது: "லா அவினோ அச்சேடிஸ் டோர்னாய்ன் மெலோங்கெனோய்ன் போர் நி."

பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில். 'இஸ்' இறந்தகாலம், 'ய்' பன்மை. கடைசி 'ன்' நம்ம இரண்டாம் வேற்றுமை 'ஐ' மாதிரி. இதுவரை சரி. ஆனால் பெயரடைக்கும் அந்த 'ய்ன்' ஏற வேண்டுமாம்! "முள்ளுகளைக் கத்திரிக்காய்களை" என்பது போல இருக்கிறதே என்று மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

என் சந்தேகம் வேறு. 'வாங்கி வந்தார்' வெறும் 'வாங்கினார்' ஆகிவிட்டது. வினையெச்சத்துக்கு 'அச்சேடிந்தே' போட்டு, பிறகு 'வேனிஸ்' என்று முடித்தால் இயல்பாக இருக்குமா, புத்தக நடையாகிவிடுமா?

அப்புறம், 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் 'நி' ஒன்றுதான். பக்கத்து வீட்டு அத்தையிடம் இதைச் சொன்னால் கத்திரிக்காயில் தனக்கும் பங்கு என்று நினைத்துக்கொள்வார். பிரித்துச் சொல்ல என்ன செய்வீர்கள்?