மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் வரும் கோபமும் அழுகையும்: நிவாரணம் உண்டா?

கேள்வி: வில்லாபுரம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். கணவர், மாமியார், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் ஆகியோருடன் வில்லாபுரத்தில் குடியிருக்கிறேன்.

மாதவிடாய் வருவதற்கு முந்தைய வாரத்தில் என் மனம் என் வசத்தில் இருப்பதில்லை. மற்ற நாட்களில் என்னைப் பொறுமைசாலி என்றுதான் வீட்டிலும் கடையிலும் சொல்வார்கள். அந்த வாரத்தில் மட்டும் குக்கர் விசில் சத்தம்கூடத் தாங்க முடிவதில்லை. மகளுக்குத் தலை பின்னும்போது அவள் சற்று அசைந்தாலும் சீப்பை வீசி எறியும் அளவுக்குக் கோபம் வருகிறது. அவள் ரிப்பனைக் கையில் பிடித்தபடி விக்கித்து நிற்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிடுகிறது. கடையில் ஒரே பக்கத்துக் கூட்டலை மறுபடி மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மார்பு கனத்து வலிக்கிறது, வயிறு உப்பிக்கொள்கிறது, இரவில் தூக்கம் பாதியில் கலைகிறது. உதிரப்போக்கு தொடங்கி ஓரிரு நாளில் எல்லாம் தெளிந்துவிடுகிறது.

இவற்றைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்வது பற்றியோ கடன் தவணை பற்றியோ நான் அழுத்திப் பேசினால், “தேதி நெருங்கிருச்சா?” என்று கணவர் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவர் கேலி செய்வதில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதாகவே நினைக்கிறார். ஆனால் அதைக் கேட்டபின், நான் பேசியதில் நியாயம் இருந்ததா, உடம்பின் கோளாறுதான் என்னைப் பேச வைத்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. ஒரு மருத்துவரிடம் சொன்னபோது, எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதற்கு மனநல மருத்துவர் வரை போக வேண்டுமா? வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது ஏதேனும் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மேலூர் செவிலி

அன்புத் தங்கைக்கு, நான் செவிலியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் புறநோயாளிகள் பிரிவில் பல பெண்கள் தயங்கித் தயங்கிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை ஏறத்தாழ இரண்டு வாரங்கள். அந்தக் காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உயர்கிறது. கரு தங்காதபோது அதுவும் ஈஸ்ட்ரோஜனும் இறங்குகின்றன. இந்த ஏற்ற இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. கடுமையாக அவதிப்படும் பெண்களின் இரத்தத்தைச் சோதித்தாலும் ஹார்மோன் அளவு பெரும்பாலும் மற்றவர்களுக்கு இருப்பதைப் போலவே இருக்கும். அந்த மாற்றத்தை மூளை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் பொதுவாக மூளையை அமைதிப்படுத்துவது. ஆனால் சிலருக்கு அதே பொருள் எரிச்சலையும் பதற்றத்தையும் தருகிறது. மனநிலையைச் சீராக வைத்திருக்க உதவும் செரட்டோனினும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. எனவே, மனத்தைக் கட்டுப்படுத்திக்கொள் என்ற அறிவுரையால் மட்டும் இது தீர்ந்துவிடாது. ஹார்மோன் பரிசோதனை சரியாக வந்திருக்கிறது என்பதற்காக உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லிவிடவும் முடியாது.

மாத்திரைக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு நோட்டுப் போடுவது. தொடர்ந்து இரண்டு மாதவிடாய்ச் சுற்றுகளுக்கு ஒவ்வொரு இரவும் படுப்பதற்கு முன் கோபம், அழுகை, பதற்றம், தூக்கம், உடல்வலி, வேலையில் கவனம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். இல்லவே இல்லை என்றால் 1, தாங்க முடியவில்லை என்றால் 6. மாத இறுதியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் பயன்படாது. அன்றன்று எழுத வேண்டும், நன்றாக இருக்கும் நாட்களிலும் எழுத வேண்டும். உதிரப்போக்கு நின்ற பிறகு வரும் வாரத்தில் எண்கள் 1, 2 என்று இறங்கிவிட்டால், இது மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைதான் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லலாம். மாதம் முழுவதும் 4, 5 என்று இருந்து அந்த வாரத்தில் மட்டும் கூடுகிறது என்றால், அடியில் மனச்சோர்வோ தைராய்டு குறைபாடோ இரத்தசோகையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உங்கள் இரண்டாவது வருத்தத்துக்கும் அந்த நோட்டிலேயே வழி இருக்கிறது. அன்றைக்கு எதற்காகக் கோபம் வந்தது என்பதை எண்களுக்குப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதி வையுங்கள். மனம் தெளிந்த வாரத்தில் அந்த வரிகளைப் படியுங்கள். சில வரிகள், அந்த நேரத்து எரிச்சல்தான் என்று தோன்றும், அவற்றை விட்டுவிடலாம். சில வரிகள் தெளிந்த பிறகும் நியாயமாகவே தோன்றும். அவை மாதம் முழுவதும் இருக்கும் குறைகள். மற்ற நாட்களில் நீங்கள் பொறுத்துக்கொண்டு போகிறீர்கள், அந்த வாரத்தில் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பொறுமை குறைந்த நாளில் சொன்னதாலேயே ஒரு குறை பொய்யாகிவிடாது. வேலைப் பங்கீடு பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அது இந்த வகையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையும் உறவும் மாதாமாதம் கெடும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தக் கடுமையான வடிவத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் நோய் வகைப்பாட்டில் தனி நோயாகச் சேர்த்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. நமது அரசு இராசாசி மருத்துவமனையில் மகப்பேறு, மனநலம் ஆகிய இரண்டு பிரிவுகளும் இருக்கின்றன. நோட்டைக் கையோடு கொண்டுபோய் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் அந்த நாட்களில் ஒருமுறை வந்தாலும் நோட்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலிமானஸ்) எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பதில்: பேரையூர்ப் பக்கத்துப் பெண்

அக்கா சொன்ன கடுமையான வடிவம் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் டி.கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள சில ஊர்களில் உதிரப்போக்கு நாட்களில் பெண்களை முட்டு வீட்டில் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. அந்த வழக்கம் தவறு என்பதே என் கருத்து; அதை இங்கே விவாதிக்க வரவில்லை. நான் சொல்ல வருவது, ஊரும் வீடும் கணக்கில் எடுத்துக்கொள்வது உதிரம் படும் நாட்களை மட்டும்தான் என்பது. எனக்கு உண்மையில் உயிர் போகும் நாட்கள் அதற்கு முந்தியவை. அப்போது களத்துவேலை, ஆடு, அடுப்பு எதிலிருந்தும் விடுதலை கிடையாது; முகம் கடுத்தால் திமிர் பிடித்தவள் என்ற பெயர்தான் மிச்சம்.

நானும் எழுதித்தான் மருத்துவரிடம் காட்டினேன். அவர் செரட்டோனினைச் சீர்செய்யும் செர்ட்ரலின் மாத்திரை கொடுத்தார். மனச்சோர்வுக்கு அந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், இந்தத் தொல்லைக்குச் சில நாட்களிலேயே பலன் தெரியும் என்றும், அதனால் கருமுட்டை வெளிப்படும் காலத்திலிருந்து மாதவிடாய் தொடங்கும் வரை மட்டும் எடுத்தால் போதும் என்றும் விளக்கினார். பைத்தியத்துக்குக் கொடுக்கும் மாத்திரை என்று என் அம்மா பயந்து அழுதார். அவரையும் உடன் அழைத்துப்போய் மருத்துவரையே பேசவைத்த பிறகுதான் சமாதானமானார். முதலில் குமட்டல் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. இப்போதும் அந்த வாரம் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரில் நிற்பவர்களையெல்லாம் பகையாகப் பார்க்கும் அந்த எண்ணம் வருவதில்லை. யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தோழியின் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடாதீர்கள், தானாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

பதில்: திருநகர்க்காரன்

சகோதரி, கணவன் தரப்பிலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கும் இதே தொல்லை உண்டு. தேதியைக் கேட்பது அவரைத் தேற்றும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டால் பேச்சு அங்கேயே செத்துவிடுகிறது என்று அவர்தான் விளக்கினார். இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பணம், உறவினர், பிள்ளைகளின் பள்ளி ஆகியவை பற்றிய பெரிய பேச்சு அந்த வாரத்தில் எழுந்தால், அதைத் தள்ளிவைக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் அடுத்த வாரம் அந்தப் பேச்சை நானேதான் எடுக்க வேண்டும், அவர் ஞாபகப்படுத்தக் கூடாது. தள்ளிவைத்ததைக் கணவன் மறந்துவிட்டால், தள்ளிவைப்பதும் வாயை அடைப்பதும் ஒன்றாகிவிடும்.

உங்கள் மகளுக்குத் தலை பின்னும் வேலையை அந்த வாரத்தில் உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். ஆணுக்குப் பின்னல் வராது என்பதெல்லாம் சாக்கு. நான் கற்றுக்கொண்டேன், வகிடு நேராக வரக் கொஞ்ச காலம் பிடித்தது. இந்தக் கேள்வி பதில் திரியை அவரிடம் காட்டுங்கள்.

பதில்: சோழவந்தான் சமையல்

உளுந்தங்களியை விட்டுவிட்டீர்களே! நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய களி பெண்களின் இடுப்புக்கும் கர்ப்பப்பைக்கும் நல்லது என்று நம் பாட்டிமார் கொடுத்தார்கள். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காபியைக் குறையுங்கள், அந்த வாரத்தில் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம், உப்பு கூடினால் உடம்பு இன்னும் உப்பும். மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி வேகமாக நடந்துவிட்டு வந்தால் என் தங்கைக்கு இரவு நல்ல தூக்கம் வருகிறது.

பதில்: மேலூர் செவிலி

சமையல் சகோதரி சொன்னதில் கேழ்வரகைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைக்கு நல்ல சான்று உள்ள சத்து, கால்சியம். 1998-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் நாள்தோறும் 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்த பெண்களுக்கு மூன்றாவது சுற்றில் அறிகுறிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 சதவீதம்தான் குறைந்தன. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதையும் அதிலிருந்து புரிந்துகொள்ளலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தயிரும் மோரும் சேர்ந்தால் தேவையின் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே வந்துவிடும். உளுந்தங்களி நல்ல உணவு, சாப்பிடுங்கள். மனநிலையை அது மட்டுமே மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வைட்டமின் பி6 மாத்திரையைச் சிலர் தாமாகவே வாங்கிக் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பு பாதிக்கப்பட்டுக் கை கால் மரத்துப்போகும், கவனம்.

கேள்வி கேட்டவர்: வில்லாபுரம் வாசகி

அனைவருக்கும் நன்றி. நோட்டைத் தொடங்கிவிட்டேன். திருநகர் அண்ணன் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன்; அவர் வெகுநேரம் பேசவில்லை, பிறகு கடன் தவணைக் கணக்கை இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பார்ப்போம் என்றார். செவிலி அக்காவிடம் ஒரு சந்தேகம். மகள் பிறந்ததிலிருந்து தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கால்சியம் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: மேலூர் செவிலி

இதை நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் எடுங்கள். காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் அதை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். ஆகவே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று என்று பிரித்து எடுப்பது நல்லது. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடம்பு சரியாக ஏற்றுக்கொள்ளாது. சிறுநீரகக் கல் இருந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அதற்கு முன், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று பாருங்கள். தைராய்டு குறைவாக இருந்தாலே அலுப்பும் அழுகையும் மறதியும் வரும். அது மாதவிடாய்க்கு முந்தைய தொல்லையையும் கூட்டிக் காட்டும். பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அதுவரை எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். மருந்து அளவு மாறிய நாளையும் நோட்டில் குறித்து வையுங்கள்.