புதுப்பிப்பு: கடன்கார பாணன், ஆடிப் பார்த்த பிறகு

பகடை உருட்டிக் கதையாக ஆடும் D&D (டன்ஜன்ஸ் & டிராகன்ஸ்) விளையாட்டுக்கு, திறமைக்காகப் பேயோடு பேரம் பேசும் பார்ட் (பாணன்) சப்கிளாஸ், அதாவது பாத்திர உட்பிரிவு, ஒன்று போட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. 3ஆம் லெவலில், இன்ஸ்பிரேஷன் பகடையில் (கூட்டாளிக்கு ஊக்கமாகப் பாணன் தரும் பகடை) 1 விழுந்தால் அதை உச்ச எண்ணாக மாற்றலாம். பதிலுக்கு ஒரு கடன் புள்ளி ஏறும்.

முதல் ஆட்டம் சொதப்பல். கடனை ஹிட் பாயின்ட்டில் (பாத்திரத்தின் உயிர்ப் புள்ளி) வசூலித்தேன். அதை மீட்டுத் தரும் ஹீலர் பக்கத்திலேயே இருக்க, யாருக்கும் பயமே வரல. இப்போ கடன் 3 ஆனால் பாணனுக்கு ஒரு நினைவு போயிடும். எதுன்னு ஆடுறவரே சொல்லணும். நேத்து ஒருத்தர் ரொம்ப யோசிச்சு, “தங்கச்சி பேரு”ன்னார். கொஞ்ச நேரம் யாரும் பகடையைத் தொடல.

5ஆம் லெவல்ல ஷார்ட் ரெஸ்ட்டிலேயே (ஆட்டத்துக்குள்ள எடுக்கும் சின்ன ஓய்வு) செலவான இன்ஸ்பிரேஷன் பகடை திரும்பிடுது, கடன் மளமளன்னு ஏறுது. அதனால ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (ராத்தூக்கம் மாதிரி நீண்ட ஓய்வு) ஒரே பேரம். போன பதிவுல இருந்த 6ஆம் லெவல் சாபம் ஓவர்னு திட்டினீங்க, சரிதான், தூக்கிட்டேன். 14ஆம் லெவல் திறன் இன்னும் எழுதல.