கழுத்துல உள்ள தைராய்டு நெஞ்ச எப்பிடி இந்த ஓட்டம் ஓட வைக்குது?

தக்கலைக்காரி:
எங்க அம்மைக்கு கொஞ்ச நாளா ஒரே படபடப்பு, சும்மா படுத்து கெடக்கும்போ கூட நாடி நூத்தி பத்து அடிக்கு, கை வெறைக்கு, நல்லா சாப்பிட்டும் மெலிஞ்சுட்டே போறாவ. நாகர்கோவில்ல காட்டினோம், ஈசிஜி எக்கோ எல்லாம் பாத்துட்டு ஹார்ட்டுல அடைப்போ வால்வு கோளாறோ இல்ல, தைராய்ட வேல செய்ய தூண்டுற டிஎஸ்எச் கொறஞ்சு, தைராய்டு ஹார்மோனான டி3, டி4 கூடி கெடக்குன்னு கார்பிமசோலும் புரோப்ரனலாலும் தந்திருக்காவ. கழுத்துல இருக்க சுரப்பி நெஞ்சுல என்னதான் செய்யுது? மாத்திரை ஆரம்பிச்சும் படபடப்பு முழுசா நிக்கல. மரச்சீனி கிழங்கு தின்னதாலன்னு சித்தி சொல்லுகா, அது உள்ளதா?

குலசேகரம் பயோகெம்:
தைராய்டு அதிகமா விடுறது டி4, ஆனா வேல செய்யது டி3. ஹார்ட் செல் டி4-ஐ மாத்தி டி3 ஆக்குறது ரொம்ப கொறவு, அதனால ரத்தத்துல வார டி3-ஐத்தான் நம்பி இருக்கு. அந்த டி3 செல்லுக்குள்ள நியூக்ளியஸ் வரைக்கும் போவும், அங்க டிஎன்ஏ மேல ஏற்கனவே உக்காந்திருக்க ரிசெப்டர்ல (ஹார்மோன் வந்து ஒட்டுற புரோட்டீன், ஹார்ட்டுல முக்கியமா ஆல்ஃபா 1 வகை) ஒட்டினதும் சில ஜீன் கூடும், சிலது அடங்கும். கூடுறதுல முக்கியமானது செர்கா2ன்னு ஒரு கால்சியம் பம்ப். கால்சியம் வெளிய வந்தா தசை சுருங்கும், அத திரும்ப உள்ள இழுத்தாத்தான் தளரும், அந்த இழுப்பு இந்த பம்ப் வேல. அதுக்கு பிரேக் போடுற ஃபாஸ்போலாம்பன டி3 கொறைக்கும், அப்போ சுருங்கி விரியதே வேகமாயிரும். துடிப்ப ஆரம்பிச்சு வைக்க இடத்துல ஹெச்சிஎன் சேனலும் (துடிப்போட வேகத்த வைக்க அயனி வாசல்) கூடும், அட்ரினலின் வந்து ஒட்டுற பீட்டா 1 ரிசெப்டரும் கூடும். ரத்தத்துல அட்ரினலின் சாதாரண அளவுதான் இருக்கும், ஆனா நெஞ்சு அதுக்கே எகிறும், அம்மைக்கு படுத்து கெடக்கும்போ அடிக்கது இதனாலதான்.

கிழங்கு காரணம் இல்ல. அதுல உள்ள லினமாரின் உடம்புல தயோசயனேட்டா மாறி தைராய்டுக்குள்ள அயோடின் ஏறுறத தடுக்கும், அப்போ ஹார்மோன் கொறையத்தான் செய்யும், கூட செய்யாது. அதுவும் அயோடின் கொறஞ்ச ஊர்லதான் பிரச்சன, நமக்கு கடல்மீனும் அயோடின் உப்பும் இருக்கு. அவிச்ச தண்ணிய வடிச்சு கொட்டிட்டு தின்னாப் போதும், சித்திட்ட சொல்லுங்க.

மார்த்தாண்டம் பார்மசி:
மாத்திரை கேக்கலன்னு நிறுத்திராதீங்க அக்கா. கார்பிமசோல் புது ஹார்மோன் உண்டாக்குறத மட்டுந்தான் தடுக்கும், சுரப்பில ஏற்கனவே சேத்து வச்சது வெளிய வந்துட்டே இருக்கும், டி4 ரத்தத்துல பாதியா கொறையவே சில நாளு ஆவும், அதுக்கு மேல அந்த பம்ப் மாதிரி புரோட்டீன் எல்லாம் பழைய அளவுக்கு வரணும். அதுவரைக்கும் பீட்டா ரிசெப்டர அடச்சு வைக்கத்தான் புரோப்ரனலால். அம்மைக்கு ஆஸ்துமா உண்டுன்னா டாக்டர்ட்ட இன்னைக்கே சொல்லிருங்க. காய்ச்சல், தொண்ட வலி வந்தா காத்திருக்க வேண்டாம், கார்பிமசோல் அபூர்வமா வெள்ள அணுவ கொறைக்கும், ஒடனே போயி கவுண்ட் பாக்கணும்.

தக்கலைக்காரி:
ஆஸ்துமா இல்ல. ஆனா நாடி சில நேரம் விட்டு விட்டு அடிக்கு.

குலசேகரம் பயோகெம்:
அத விடாதீங்க, தைராய்டு கூடினவங்களுக்கு ஹார்ட்டோட மேலறை தாறுமாறா துடிக்கலாம், ரத்தக்கட்டி உண்டாவ வழி இருக்கு, ஒரு ஈசிஜில பிடிபடலன்னா 24 மணி நேரம் துடிப்ப பதியற ஹோல்டர் கருவி மாட்டிப் பாப்பாவ. நாளைக்கே கூட்டிட்டு போங்க.