கேம் டிசைன் படித்தவர்களே, கெஸ்ட் லெக்சரில் நடந்த கதை ஏதாவது இருக்கா?

விஸ்பி_வாசி

நானே ஆரம்பிக்கிறேன். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து கேம் டிசைன் துறை உப்சாலாவில் இல்லை. பால்டிக் கடலில் கோட்லாந்து தீவு, அதில் விஸ்பி என்ற ஊர். ஊரைச் சுற்றிச் சுமார் மூன்றரை கிலோமீட்டருக்குப் பழைய மதில். நைனாஸ்ஹாம்ன் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். இதில் எங்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஸ்டாக்ஹோமிலிருந்து கப்பலில் வரும் விருந்தினர் பேசி முடித்த கையோடு ஓடிவிட முடியாது. சாயங்காலக் கப்பல் வரும்வரை எங்களோடுதான் காபி, எங்கள் அரைகுறை கேம்களோடுதான் பொழுது.

முதல் கெஸ்ட் லெக்சருக்கு 10 மணி என்று போட்டிருந்தார்கள். நம்மூர் வழக்கப்படி 9.50க்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஹாலில் ஈ காக்கை இல்லை. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய் போர்டைப் பார்த்துவிட்டு வந்தேன். உப்சாலாவில் 10 என்றால் 10.15. அதற்கு ‘அகாடெமிக் கால்மணி’ என்று பெயரே உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு போர்டு கேம் ஒர்க் ஷாப் பற்றி. வந்தவர் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பாம்பு ஏணிப் பலகையை வைத்தார். “இந்த விளையாட்டில் ஆடுகிறவர் முடிவெடுக்கும் இடம் எது? தேடுங்கள்” என்றார். தேடினோம். இல்லை. பகடை விழுந்தபடி நகர வேண்டியதுதான். “அப்படியானால் இது கேமே இல்லை. ஒரே ஒரு விதியை மாற்றி இதை கேம் ஆக்குங்கள்” என்று போர்டிலும் எழுதிவிட்டார். பக்கத்து மேசையில் இரண்டு பகடை உருட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். இன்னொரு மேசையில் பாம்புக்கு லஞ்சம் கொடுக்க நாணயம் வைத்தார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கையைத் தூக்கிவிட்டேன். எங்கள் ஊரில் இதன் பெயர் பரமபத சோபானம், வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடுவோம், ஏணி புண்ணியம், பாம்பு பாவம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய்க் குழந்தை விளையாட்டாகிவிட்டது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். முடிவெடுக்க இடமில்லை என்பது குறை இல்லை, அதுதான் அந்த விளையாட்டு சொல்லவரும் சங்கதி என்றும் சொன்னேன்.

அவர் காபியைக் கீழே வைத்தார். “பெரிய பாம்பு கடித்தால் வீட்டில் என்ன பேசிக்கொள்வீர்கள்?” என்று கேட்டார். என் அப்பத்தா “போன ஜென்மத்துல என்ன பண்ணித் தொலைச்சியோ” என்பார். அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஹாலே சிரித்தது. அவர் ‘கேமே இல்லை’ என்ற வரியை அழித்தார். அடுத்த இரண்டு மணி நேரமும், ஒரு விதி ஆடுகிறவர் வாயிலிருந்து என்ன பேச்சை வரவழைக்கிறது என்பதுதான் வேலை. எங்கள் மேசையின் விதி: பாம்பு கடித்தவர் இன்று செய்த ஒரு தப்பை எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். ஒரு டென்மார்க் பையன் மூன்று முறை கடிபட்டான். பாவம், மூன்றாவது முறை ரூம்மேட்டின் பாலைக் குடித்ததை ஒப்புக்கொண்டான்.

அதற்கு முன் ஒரு மணி நேரம் அவர் ஸ்லைடு போட்டுப் பேசியிருந்தார். அதிலிருந்து ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

ஜம்ப்_பட்டன்

அண்ணா, உங்களுக்குக் கப்பல். எங்களுக்கு பெங்களூர் டிராஃபிக். (காலேஜ் பேர் வேண்டாம்.) ஒரு கம்பெனிக்காரர் ஒன்றரை மணி நேரம் லேட்டா வந்து, 40 நிமிஷம் கம்பெனிப் பெருமை பேசி, கடைசி ஸ்லைடில் அவங்க பெய்டு கோர்ஸோட கியூஆர் கோடைக் காட்டிட்டுப் போயிட்டார். அட்டெண்டன்ஸ் கட்டாயம் வேற.

ஆனா அடுத்த மாசம் வந்த புரோகிராமர் ஸ்லைடே போடலை. “யார் கேம்ல யாராவது திட்டினாங்க?”னு கேட்டார். என் பிளாட்ஃபார்மரை (பள்ளம் தாண்டித் தாவித் தாவிப் போற கேம்) எல்லாரும் திட்டிட்டிருந்தாங்க, பட்டன் வேலை செய்யலைன்னு. கோடில் தப்பே இல்லைன்னு நான் சாதிச்சுட்டு இருந்தேன். அவர் பத்து நிமிஷம் ஆடினார், பதினோரு தடவை பள்ளத்தில் விழுந்தார். அப்புறம் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஆடறவங்க விளிம்பைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் பட்டனை அமுக்கறாங்க. கண்ணுக்கு இன்னும் தரையில் நிக்கற மாதிரிதான் இருக்கு. கணக்குப்படி அந்தரத்தில் இருக்காங்க.

இதுக்கு மருந்து ‘கொயோட்டி டைம்’. கார்ட்டூன்ல அந்த ஓநாய் மாதிரி மிருகம் மலை முடிஞ்சும் அந்தரத்தில் ஓடிட்டு, கீழே பார்த்த பிறகுதானே விழும், அந்தப் பேர். 2018இல் வந்த செலஸ்ட் கேம்ல ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் இப்படி மன்னிப்பு உண்டு. தரை முடிஞ்சாலும் அதுக்குள்ள அமுக்கினா குதிக்க விடும். மதியத்துக்குள்ள என் கேம்லயும் போட்டோம். காலைல திட்டின அதே பசங்களைக் கூப்பிட்டு ஆடவெச்சோம். “கன்ட்ரோலரை மாத்திட்டியா?”ன்னான் ஒருத்தன்.

சத்தக்காரி

எங்களுக்கு சவுண்ட் ஒர்க் ஷாப் எடுத்தவர் ஒரு மார்க்கெட் பையோடு வந்தார். எலும்பு முறியும் சத்தத்துக்கு வெளிநாட்டில் செலரித் தண்டை ஒடிப்பார்களாம். அவர் முருங்கைக்காயும் கேரட்டும் வாங்கி வந்திருந்தார். மைக் பக்கத்தில் முற்றின முருங்கைக்காய் ஒடியும்போது கூசுகிறது, நிஜமாகவே. மிச்சக் காய் ஹாஸ்டல் சாம்பாருக்குப் போனது.

கோவை_பட்டறை

நான் எதிர்ப்பக்கத்து ஆள். வருஷத்துக்கு நாலைந்து கல்லூரிகளில் பிளேடெஸ்ட் (செய்த கேமை வேறொருவரை ஆடவைத்துப் பார்ப்பது) ஒர்க் ஷாப் எடுக்கிறேன். நம்மூரில் 3 மணி நேரம் கேட்டு வாங்குவேன். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, என்னைப் பற்றி எனக்கே தெரியாத அறிமுகவுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து மைக் கைக்கு வரும்போது ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சும். மரியாதையைக் குறை சொல்லவில்லை. அதை மதியத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று கடிதத்திலேயே எழுதிப் பார்த்தேன். அப்போது இரண்டு தடவை வைத்தார்கள்.

பிளேடெஸ்டில் பெரிய பாடு, செய்தவர் வாயை மூட வைப்பது. “இல்ல சார், அந்தக் கதவு இன்னும் முடியல”, “அந்த நீல ஐகானை அமுக்குங்க” என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கடையில் வாங்கியவர் வீட்டுக்கெல்லாம் போய் இப்படி நிற்க முடியுமா? சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் ஒரு உபாயம் கண்டேன். டெஸ்ட் ஆரம்பிக்குமுன் செய்தவர் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும், முடியும்வரை விழுங்கக் கூடாது. 5 நிமிஷம். கையில் பேனா, நோட்டு.

போன வருஷம் ஒரு பொண்ணு. அவளுடைய புதிர் விளையாட்டை ஆடிய பையன் இன்வென்டரியை, அதாவது எடுத்த பொருள்களை வைக்கும் பையை, திறக்கவே இல்லை, வெறுங்கையோடு நாலு நிமிஷம் சுற்றினான். அவள் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, கடைசியில் நோட்டில் முழுப் பக்கத்துக்கு ‘பை எங்கே என்று யாருக்கும் தெரியாது’ என்று எழுதினாள். மூன்று மாதமாக டீம் சொல்லியும் கேட்காதவளாம்.

முதலாமாண்டு

வர்ற வெள்ளிக்கிழமை எங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தர் வர்றாங்க. கேம் பாதிதான் முடிஞ்சிருக்கு. கொண்டு போகலாமா அண்ணா? சிரிப்பாங்களா?

கோவை_பட்டறை

கொண்டு போம்மா. முடிந்த கேமைக் காட்டினால் நாங்கள் “சூப்பர்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம், அதில் மாற்ற ஒன்றும் இருக்காது. ‘எப்படி இருக்கு’ என்று கேட்காதே. எந்த இடத்தில் உனக்கே சந்தேகமோ அதை மட்டும் ஆடச் சொல். பில்டை, அதாவது ஆடிக்காட்டும் கேம் ஃபைலை, இரண்டு பென்டிரைவில் வை. லேப் கம்ப்யூட்டரில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், வியாழக்கிழமையே லேப் அண்ணனிடம் பேசி வைத்துவிடு.